காம்ரா: பிரிட்டனில் உள்ளூர் பியர் மீண்ட வரலாறு

காம்ரா என்பது பிரிட்டனில் பியர் அருந்துவோர் நடத்தும் நுகர்வோர் அமைப்பு. 1971ஆம் ஆண்டு நான்கு இளைஞர்களால் தொடங்கப்பட்டது. ஆலை முதலாளிகளுக்கோ அரசுக்கோ இதன் தோற்றத்தில் பங்கில்லை. விலை கொடுத்து வாங்கும் மக்கள், தாங்கள் வாங்கும் பொருள் கெட்டுவிட்டது என்று கூடிச் சொன்னதால் ஒரு பெருந்தொழிலே தன் போக்கை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. நுகர்வோர் இயக்கங்களின் வரலாற்றில் இத்தகைய வெற்றிகள் குறைவு. இன்று பல நாடுகளில் ‘கிராஃப்ட் பியர்’ என்று பேசப்படும் சிற்றாலை பியருக்கு வழி திறந்தவற்றுள் இவ்வியக்கமும் ஒன்று.

மதுவைப் பற்றிய வரலாறு எதற்கு என்று கேட்போர் உண்டு. உணவின் வரலாறு எழுதப்படுவது போலவே இதுவும் எழுதப்பட வேண்டியது. ஓர் ஊரின் தண்ணீர், தானியம், தொழில், வரி, சட்டம் ஆகிய அனைத்தும் ஒரு கோப்பைக்குள் வந்து சேர்கின்றன.

பீப்பாய்க்குள் உயிருள்ள பானம்

இயக்கத்தின் கோரிக்கையைப் புரிந்துகொள்ள, பியர் உருவாகும் முறை சிறிது தெரிந்திருக்க வேண்டும். பார்லியை நனைத்து முளைகட்டிச் சூட்டில் உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பான சாறு இறங்கும். இச்சாற்றை ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களுடன் கொதிக்கவைப்பார்கள். ஹாப்ஸ் கசப்பும் மணமும் தருகிறது, பானம் விரைவில் கெடாமலும் காக்கிறது. ஆறிய சாற்றில் ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நொதித்தலை விளக்கத் தேவையில்லை.

பிரிட்டனின் பழைய வகை பியர் ஏல் எனப்படும். இது சற்று வெதுவெதுப்பான சூழலில் சில நாட்களில் நொதிப்பது. ஜெர்மனி, செக் நாடுகளில் வளர்ந்த லாகர், குளிரில் மெதுவாக நொதித்து நீண்ட நாள் கிடப்பது. இந்தியாவில் புட்டிகளில் விற்கும் பியர் பெரும்பாலும் லாகர் வகையே.

ஏலில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஆலையிலிருந்து வெளியேறும்போது அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. சிறிதளவு ஈஸ்ட் உயிருடன் பீப்பாய்க்குள் போகிறது. பப்பின் நிலவறையில் பீப்பாயை அசையாமல் கிடத்துவார்கள். அங்கு ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இரண்டாம் முறை மெல்ல நொதிக்கும். மேலேயுள்ள துளையில் மென்மையான மரமுளையைச் செருகினால் மிகுதியான வாயு கசிந்து வெளியேறும். போதும் என்று தோன்றியதும் கடினமான முளையைச் செருகி அடைப்பார்கள். கலங்கலை அடியில் படியவைக்க, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருள் சேர்க்கப்படும். தெளிந்ததும் கைப்பம்பை இழுத்து மேலே கொண்டுவந்து கோப்பையில் ஊற்றுவார்கள். கைப்பம்புக்கு ஜோசப் பிரமா 1797இல் காப்புரிமை பெற்றார்.

பீப்பாய் திறந்துவிட்டால் மூன்று நாட்களுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். காற்று உள்ளே புகப்புக முதலில் சுவை மங்கும், பிறகு புளிக்கும். பனையிலிருந்து காலையில் இறக்கிய கள் மாலைக்குள் வேறு பொருளாகிவிடுவதைத் தமிழர்கள் அறிவர். ஏலுக்குச் சற்றுக் கூடுதல் அவகாசம் உண்டு, அவ்வளவே. ஆகவே பப்பை நடத்துபவரின் கைப்பக்குவம் ஆலைக்காரரின் திறமைக்கு ஈடாக மதிக்கப்பட்டது. ஒரே ஆலையின் ஒரே நாள் பியர் ஒரு தெருவில் நன்றாகவும் அடுத்த தெருவில் மட்டமாகவும் இருக்கக்கூடும். எங்கே நல்ல பியர் கிடைக்கும் என்று உள்ளூர்க்காரரிடம் கேட்கும் வழக்கம் இதிலிருந்தே வந்தது.

வீட்டிலிருந்து ஆலைக்கு

இடைக்கால இங்கிலாந்தில் ஏல் வடிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தது. வீட்டுக்குக் காய்ச்சியதில் மிஞ்சியதை வாசலில் விற்றார்கள். 13ஆம் நூற்றாண்டிலேயே ரொட்டிக்கும் ஏலுக்கும் விலையும் தரமும் வகுத்த சட்டம் இருந்தது. ஊர்தோறும் ஏலைச் சுவைத்துப் பார்த்துத் தரம் சொல்லும் அலுவலர் நியமிக்கப்பட்டார். ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான் ஷேக்ஸ்பியர் 1550களில் ஸ்ட்ராட்ஃபோர்டில் அப்பணியைச் செய்தவர். ஹாப்ஸ் சேர்க்கும் வழக்கம் 15ஆம் நூற்றாண்டில் இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதிகளிலிருந்து வந்தது.

18ஆம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் என்ற கரும்பழுப்பு நிற பியர் பெருகியபோது தொழில் பேருருக் கொண்டது. அதன் அளவை ஒரு விபத்து காட்டும். 1814 அக்டோபர் 17 அன்று டாட்டன்ஹாம் கோர்ட் சாலை அருகே மியூ நிறுவனத்தின் ஆலையில் மாபெரும் மரத்தொட்டி ஒன்று வெடித்தது. பியர் வெள்ளமாகப் பாய்ந்து பக்கத்துக் குடியிருப்புகளை இடித்தது. எட்டுப் பேர் இறந்தனர்.

அடுத்த நூற்றாண்டில் பர்டன் அபான் டிரென்ட் என்ற சிற்றூர் முன்னுக்கு வந்தது. அவ்வூர்க் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. வெளிர்நிறமும் தூக்கலான ஹாப்ஸ் கசப்பும் கொண்ட பேல் ஏலுக்கு அந்நீர் மிகவும் பொருந்தியது. 1820களில் பர்டன் ஆலைகள் இந்தியாவுக்குப் பேல் ஏல் அனுப்பத் தொடங்கின. சென்னை, கொல்கத்தா, மும்பைத் துறைமுகங்களில் அது இறங்கியது. இந்தியா பேல் ஏல் என்ற பெயர் அந்த வணிகத்தின் எச்சம். பெயரில் இந்தியா இருந்தாலும், அதைக் குடித்தவர்கள் பெரும்பாலும் கம்பெனி அதிகாரிகளும் வெள்ளைய வணிகருமே. பர்டனின் பாஸ் நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம் 1876இல் பிரிட்டனின் முதல் பதிவு பெற்ற வணிகச் சின்னம் ஆனது.

பப் யாருடையது

உள்ளூர் பியரின் வீழ்ச்சி சுவையால் தொடங்கவில்லை, சொத்துரிமையால் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பப் உரிமங்கள் கிடைப்பது அரிதானது. தங்கள் சரக்கு விற்பனையாக வேண்டும் என்பதற்காக ஆலைகள் பப்புகளையே விலைக்கு வாங்கின. அப்படி வாங்கப்பட்ட பப்பில் அந்த ஆலையின் பியர் மட்டுமே விற்கலாம். ஆகவே பிற்காலத்தில் ஓர் ஆலை இன்னோர் ஆலையை விழுங்கியபோது அதன் உண்மையான நோக்கம் பெரும்பாலும் அந்தப் பப்புகளாகவே இருந்தது. பப்புகளை வைத்துக்கொண்டு, பழைய ஆலையை மூடிவிட்டு, தன் பியரை லாரியில் அனுப்பிவிடலாம். பப்பின் பெயர்ப்பலகை மாறாது. உள்ளே ஊற்றப்படுவது மாறிவிடும்.

எண்ணிக்கையைப் பார்த்தால் நிலைமை விளங்கும். 1900ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பியர் ஆலைகள் இருந்தன. 1970களின் தொடக்கத்தில் இருநூறுகூட இல்லை. பாஸ் சாரிங்டன், அல்லைட், விட்பிரெட், வாட்னி மான், கரேஜ், ஸ்காட்டிஷ் அண்டு நியூகாசில் என்ற ஆறு நிறுவனங்கள் சந்தையின் பெரும்பகுதியைக் கைப்பற்றியிருந்தன.

இந்த ஆறும் நாடு முழுவதும் ஒரே பொருளை விற்க விரும்பின. அதற்கு உயிருள்ள பீப்பாய் ஏல் ஒத்துவராது. கெக் என்ற மாற்று வந்தது. பியரை வடிகட்டி, சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று, குளிரவைத்து, உலோகக் கலனில் அடைத்துக் கரியமில வாயுவின் அழுத்தத்தால் மேலே தள்ளுவது இம்முறை. வாரக்கணக்கில் கெடாது. நிலவறையில் திறமையான ஆள் தேவையில்லை. எங்கு குடித்தாலும் ஒரே சுவை. வாட்னி நிறுவனம் 1930களிலேயே ரெட் பேரல் என்ற கெக் பியரைச் சோதித்துப் பார்த்தது. 1960களில் தொலைக்காட்சி விளம்பரங்களுடன் அது நாடெங்கும் பரவியது. மான்ட்டி பைதான் குழு தன் நகைச்சுவைக் காட்சியில் கிண்டல் செய்யும் அளவுக்கு அது பிரபலம்.

கெக் பியருக்கு ஆதரவான வாதத்தையும் சொல்ல வேண்டும். அக்காலப் பப்புகள் பலவற்றில் பீப்பாய் ஏல் மோசமாகப் பராமரிக்கப்பட்டது. கலங்கிய, புளித்த பியருக்குக் காசு கொடுத்துச் சலித்தவர்கள் கெக்கை வரவேற்றனர். குறை கெக் என்ற தொழில்நுட்பத்தில் மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது. மலிவான மூலப்பொருளும், வேறு தெரிவே இல்லாத நிலையும் சேர்ந்தே மக்களைச் சினப்படுத்தின. ஊரில் உள்ள நான்கு பப்புகளும் ஒரே நிறுவனத்துடையவை என்றால் வாடிக்கையாளர் எங்கே போவார்? அரசின் ஒரே கடையில் கிடைப்பதை வாங்கிச் செல்லும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இக்கேள்வி அந்நியமாக இராது.

கெர்ரியில் நால்வர்

முதல் எதிர்ப்பு 1963இல் எழுந்தது. லண்டனை அடுத்த எப்சமில் கூடிய சிலர், மரப்பீப்பாய் பியரைக் காக்கும் சங்கம் ஒன்றை அமைத்தனர். அது கேலியும் கொண்டாட்டமும் கலந்த குழுவாகவே இருந்தது. நிறுவனங்களுடன் மோதும் எண்ணம் அதற்குப் பெரிதாக இல்லை.

1971 மார்ச்சில் மைக்கேல் ஹார்ட்மன், கிரகாம் லீஸ், ஜிம் மேக்கின், பில் மெல்லர் ஆகிய நால்வர் அயர்லாந்துக்கு விடுமுறைப் பயணம் போனார்கள். வடமேற்கு இங்கிலாந்துக்காரர்களான இவர்களுள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களே மிகுதி. கெர்ரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் டன்குயின் என்ற ஊரில், குரூகர் கவானாவின் பப்பில் உட்கார்ந்து, பிரிட்டிஷ் பியரின் நிலைபற்றிப் புலம்பியபோது இயக்கம் பிறந்தது. அயர்லாந்திலும் அன்று பீப்பாய் ஏல் ஏறக்குறைய அழிந்திருந்தது என்பது இதிலுள்ள வேடிக்கை. நால்வருக்கும் எந்தத் திட்டமும் இல்லை. ஊர் திரும்பிய பின்பும் சில மாதங்கள் அது விளையாட்டாகவே கிடந்தது. 1972இல் நனீட்டனில் முதல் ஆண்டுக் கூட்டம் நடந்தது. அதே ஆண்டு இயக்கத்துக்கெனச் செய்தித்தாள் வந்தது. 1973இல் ‘ரியல் ஏல்’ என்ற சொல் அமைப்பின் பெயருக்குள் புகுந்தது. ‘உண்மையான ஏல்’ என்ற அந்த இரு சொற்களின் வலிமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. எதிர்த்தரப்பின் பியர் போலி என்பதை வாய்திறந்து சொல்லாமலேயே அது சொல்லிவிட்டது. பத்திரிகைக்காரர்களின் கைவண்ணம் அதில் தெரிகிறது.

1973இல் ஸ்டாஃபர்ட்ஷயரின் ஸ்டோன் என்ற ஊரில் ஜூல் ஆலையை மூடப்போவதாக பாஸ் சாரிங்டன் அறிவித்தபோது, காம்ரா உறுப்பினர்கள் ஊர்வலம் சென்றனர். ஆலையைக் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த ஆண்டே அது மூடப்பட்டது. ஆனால் ஒரு பியர் ஆலைக்காக மக்கள் தெருவில் இறங்குவார்கள் என்பது நாட்டுக்குத் தெரிந்தது.

இயக்கத்தின் கூர்மையான ஆயுதம் ஊர்வலம் அன்று, வழிகாட்டிப் புத்தகம். ‘குட் பியர் கைடு’ என்ற அந்நூல் 1972இல் சில தாள்களைச் சேர்த்துத் தைத்த தொகுப்பாகத் தொடங்கி, 1974இல் அச்சு நூலாக வந்தது. எந்த ஊரில் எந்தப் பப்பில் நல்ல பீப்பாய் ஏல் கிடைக்கும் என்பது பட்டியலிடப்பட்டது. ஆலைகளைப் பற்றியும் ஒருவரிக் கருத்துகள் இருந்தன. வாட்னி பியரைக் கொள்ளைநோயோடு ஒப்பிட்டு ஒதுக்கச் சொல்லும் வரி ஒன்று அதில் இடம்பெற்றது. அச்சிட்ட நிறுவனம் வழக்குக்கு அஞ்சியது. அவ்வரி சற்று மென்மையாக்கப்பட்டது. இதற்குள் செய்தி பத்திரிகைகளுக்குப் போய்விட, நூலுக்கு இலவச விளம்பரம் கிடைத்தது.

இந்நூலில் இடம்பெறப் பப்பு நடத்துபவர் பணம் கட்ட முடியாது. அந்தந்த வட்டாரக் கிளையின் தன்னார்வ உறுப்பினர்கள் ஆண்டு முழுவதும் பலமுறை சென்று சுவைத்து, பிறகு கூடி வாதிட்டுத் தெரிவு செய்கிறார்கள். ஒரு நாள் வந்துபோகும் விமர்சகரைவிட இம்முறை நம்பகமானது. இன்று ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,500 பப்புகள் அதில் இடம்பெறுகின்றன.

பியர் விழாக்களும் கூட்டத்தைச் சேர்த்தன. 1975இல் லண்டன் கோவன்ட் கார்டனில் நடந்த விழா எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக அமைந்தது. 1977 முதல் கிரேட் பிரிட்டிஷ் பியர் விழா தொடங்கியது.

சிற்றாலைகள்

தனக்குத் தேவையான பியரைப் பப்பிலேயே காய்ச்சிக்கொள்ளும் பழைய முறை 1970களின் தொடக்கத்தில் நாடு முழுவதிலும் நான்கே இடங்களில் எஞ்சியிருந்தது. கார்ன்வால் ஹெல்ஸ்டனில் புளூ ஆங்கர், ஷ்ராப்ஷயரில் ஆல் நேஷன்ஸ், த்ரீ டன்ஸ், பர்மிங்காமுக்கு மேற்கே நெதர்ட்டனில் ஓல்டு ஸ்வான். கடைசியாகச் சொன்னதை டோரிஸ் பார்டோ என்ற மூதாட்டி நடத்தினார். பார்டோ அம்மா கடை என்றே ஊர் அதை அழைத்தது. இடைக்காலப் பெண்கள் வாசலில் ஏல் விற்ற மரபின் கடைசி இழைகளில் ஒன்று அது என்று சொன்னால் மிகையாகாது.

புதிய தொடக்கம் ஒரு கசப்பான நிகழ்விலிருந்து வந்தது. நார்த்தாம்டனில் ஃபிப்ஸ் என்ற பழைய ஆலை வாட்னி வசம் இருந்தது. அதை மூடி, அந்த இடத்தில் கார்ல்ஸ்பெர்க் லாகர் ஆலை எழுப்பப்பட்டது. வேலையிழந்த தலைமை வடிப்பாளர் பில் அர்குவர்ட் 1974இல் பக்கத்துக் கிராமமான லிச்பரோவில் தாமே சிறிய ஆலை ஒன்றைத் தொடங்கினார். பிரிட்டனின் நவீன சிற்றாலைகளுள் முதலாவதாகப் பெரும்பாலோர் கருதுவது இதையே.

அவரைத் தொடர்ந்து வந்தவர்களில் பீட்டர் ஆஸ்டின் முக்கியமானவர். பெரிய ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1978இல் ஹாம்ப்ஷயரில் ரிங்வுட் ஆலையைத் தொடங்கினார். தாம் கற்றதைப் பூட்டிவைக்கவில்லை. ஆலை தொடங்க விரும்பி வந்தவர்களுக்குப் பயிற்சி அளித்தார், உபகரணங்கள் அமைத்துக் கொடுத்தார். அவருடைய முறையில் உருவான ஆலைகள் பிரிட்டனில் மட்டுமின்றி அமெரிக்காவிலும் சீனாவிலும்கூட இருந்தன. 1980இல் சிற்றாலைக்காரர்களின் சங்கம் தோன்றியதிலும் அவருக்குப் பங்குண்டு. ஓர் இயக்கம் பரவுவதற்கு முழக்கங்களைவிட இத்தகைய ஆசிரியர்களே காரணம். லண்டனில் டேவிட் புரூஸ் 1979இல் கூஸ் அண்டு ஃபர்க்கின் என்ற பப்பைத் திறந்து, அதன் நிலவறையிலேயே பியர் காய்ச்சினார். ஃபர்க்கின் என்பது 9 காலன், அதாவது 72 பைன்ட் கொள்ளும் பீப்பாயின் பெயர்.

இதே காலத்தில் பியரைப் பற்றி எழுதுவதும் மாறியது. மைக்கேல் ஜாக்சன் என்ற யார்க்ஷயர் பத்திரிகையாளர் (1942–2007, பாடகர் அல்லர்) 1977இல் உலக பியர் வகைகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். திராட்சை மதுவுக்கு மட்டுமே கிடைத்துவந்த நுணுக்கமான கவனத்தை அவர் பியருக்குக் கொடுத்தார். இலங்கை சென்றபோது, மலையகத்தின் நுவரெலியாவில் காய்ச்சப்பட்ட லயன் ஸ்டவுட்டைப் புகழ்ந்து எழுதினார். தேயிலைத் தோட்டக் காலத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்த வகை, சொந்த நாட்டில் மங்கியபின் வெப்பநாட்டு மலையொன்றில் நிலைத்திருந்தது.

சட்டம் செய்ததும் கெடுத்ததும்

1989இல் ஏகபோக விசாரணை ஆணையம் பியர் தொழிலை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. அதன் விளைவாக வந்த ஆணைகள், 2,000க்கும் மேற்பட்ட பப்புகளை வைத்திருந்த ஆலைகள், அந்த வரம்புக்கு மேலுள்ளவற்றில் பாதியைத் தம் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றன. அத்தகைய ஆலைகளின் பப்புகளில் வேறு ஆலையின் பீப்பாய் ஏல் ஒன்றையும் விற்கலாம் என்ற உரிமையும் கிடைத்தது. காம்ரா இதை வெற்றியாகக் கொண்டாடியது.

நடந்தது வேறு. ஆலைகள் ஆயிரக்கணக்கான பப்புகளை விற்றன. அவற்றை வாங்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள் அல்லர். பியர் காய்ச்சாத, பப்புகளை மட்டும் சொத்தாக வைத்திருக்கும் புதிய நிறுவனங்கள் முளைத்தன. ஆலைகளுக்கு விதித்த வரம்பு இவற்றுக்குப் பொருந்தவில்லை. கடன் வாங்கிப் பெருகிய இந்நிறுவனங்கள், குத்தகைக்கு எடுத்தவர்களை உயர்ந்த விலையில் தங்களிடமே பியர் வாங்கக் கட்டாயப்படுத்தின. பழைய விலங்கு புதிய கைக்கு மாறியது. இக்குத்தகையாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. பேராலைகள் ஆறும் ஒவ்வொன்றாகப் பியர் தொழிலை விட்டன அல்லது பன்னாட்டு நிறுவனங்களுக்குள் கரைந்தன. 18ஆம் நூற்றாண்டில் தொடங்கிய விட்பிரெட் 2000ஆம் ஆண்டில் தன் ஆலைகளை விற்றுவிட்டு ஓட்டல், காபிக்கடைத் தொழிலுக்குப் போனது.

ஆரவாரமில்லாமல் வந்த ஒரு வரிச்சலுகையே சிற்றாலைகளுக்கு உண்மையில் கைகொடுத்தது. நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் 2002இல், ஆண்டுக்கு 5 லட்சம் லிட்டர் வரை காய்ச்சும் ஆலைகளுக்குப் பியர் வரியைப் பாதியாகக் குறைத்தார். அதன் பிறகு பழைய பண்ணைக் கொட்டகைகளிலும் ரயில்பாதை வளைவுகளின் அடியிலும் ஆலைகள் பெருகின. 2010களின் இறுதியில் எண்ணிக்கை ஏறத்தாழ 2,000ஐத் தொட்டது.

யார்க்ஷயரின் மேஷம் என்ற சிற்றூரின் கதை இக்காலத்தின் ஏற்ற இறக்கங்களை நன்கு காட்டும். அங்கு தீக்ஸ்டன் குடும்பம் தலைமுறைகளாக ஆலை நடத்தியது. 1984இல் அது வெளியாரிடம் போனது. 1987இல் ஸ்காட்டிஷ் அண்டு நியூகாசில் கைக்கு மாறியது. குடும்பத்தைச் சேர்ந்த பால் தீக்ஸ்டன் வெளியேறி, 1992இல் அதே ஊரில் போட்டி ஆலை தொடங்கி, ‘கறுப்பு ஆடு’ என்று பொருள்படும் பிளாக் ஷீப் என்ற பெயரை வைத்தார். குடும்பத்துக்கு அடங்காதவரை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள், ஆடு வளர்க்கும் ஊருக்கும் பெயர் பொருந்தியது. 2003இல் மற்ற உறவினர்கள் மூல ஆலையை மீட்டனர். சிற்றூர் ஒன்றில் ஒரே குடும்பத்தின் இரண்டு ஆலைகள். 2023இல் பிளாக் ஷீப் நிதி நெருக்கடியில் சிக்கி முதலீட்டு நிறுவனம் ஒன்றிடம் போய்ச் சேர்ந்தது.

உண்மையான ஏலும் கிராஃப்ட் பியரும்

2000களில் அமெரிக்கத் தாக்கத்துடன் புதிய தலைமுறை வந்தது. ஸ்காட்லாந்தில் 2007இல் தொடங்கிய புரூடாக் போன்ற ஆலைகள் ஹாப்ஸ் மணம் மிகுந்த பியரைக் கெக்கில் விற்றன. கெக் என்றாலே எதிரி என்று வளர்ந்த காம்ராவுக்கு இது சங்கடமாயிற்று. கெக்கில் வருவது நல்ல பியராக இருந்தால் என்ன செய்வது? 2018 ஏப்ரலில் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. எல்லா வகை நல்ல பியர், சைடர் அருந்துவோரின் அமைப்பாக நோக்கத்தை விரிக்கும் தீர்மானத்துக்கு 75 விழுக்காடு ஆதரவு தேவைப்பட்டது. 72 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கிடைத்தது. தீர்மானம் தோற்றது. கலனைக் கொண்டு பியரை அளப்பது பழைய போரின் தழும்பு. 1971இல் அது சரியான அளவுகோலாக இருந்தது, இன்று போதாது. எனினும் பீப்பாய் ஏலுக்கென்று வாதாட வேறு யாரும் இல்லை என்ற பழையவர்களின் அச்சமும் வெறும் பிடிவாதமன்று.

சிற்றாலை என்ற பெயரும் நிலையானதில்லை. லண்டனின் மீன்டைம் ஆலையும் கேம்டன் டவுன் ஆலையும் 2015இல் பன்னாட்டு நிறுவனங்களுக்கு விற்கப்பட்டன. 2019இல் ஃபுல்லர் நிறுவனத்தின் பியர்த் தொழிலை ஜப்பானின் அசாஹி வாங்கியது. குழாயில் தொங்கும் சின்னத்தைப் பார்த்து உரிமையாளர் யாரென்று கண்டுபிடிக்க இயலாது.

பிரிட்டனில் புதிய ஊரொன்றுக்குச் செல்பவர் நல்ல பியரைக் கண்டடைய, அனுபவசாலிகள் சொல்லும் வழிகள் எளியவை. கைப்பம்புகள் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு நிற்கும் இடத்தைவிட, மூன்று பம்புகளும் மாலையில் நிறைந்த கூட்டமும் உள்ள பப் மேல். 72 பைன்ட் மூன்று நாளில் தீர வேண்டும் என்ற கணக்கை நினைத்தால் காரணம் விளங்கும். தெரிவு பெருகப் பெருக ஒவ்வொரு பீப்பாயும் மெதுவாகக் காலியாகும். வாங்குவதற்கு முன் ஒரு வாய் சுவைத்துப் பார்க்கக் கேட்கலாம், நல்ல பப்பில் முகம் சுளிக்க மாட்டார்கள். வினிகர் வாடை அடித்தால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த வட்டாரத்தில் காய்ச்சியதைக் கேட்பது நல்லது. அண்மையில் இருப்பதாலேயே அது சிறந்ததாகிவிடாது, ஆனால் குறை சொல்ல வேண்டுமானால் காய்ச்சியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்.

பர்டனின் மரப்பீப்பாய்கள்

பேல் ஏல் புகழ்பெற்ற பர்டனில் 19ஆம் நூற்றாண்டில் ஒரு தனி நொதித்தல் முறை பரவியது. ஓக் மரப்பீப்பாய்கள் வரிசையாகக் குழாய்களால் இணைக்கப்பட்டிருக்கும். நொதிக்கும்போது பொங்கும் ஈஸ்ட் நுரை, அன்னக்கழுத்து போன்ற வளைகுழாய் வழியே மேலேயுள்ள தொட்டிக்கு ஏறும். பியர் கீழே திரும்பிவிடும், ஈஸ்ட் மேலே தங்கிவிடும். இதற்கு பர்டன் யூனியன் என்று பெயர். பராமரிப்புச் செலவு மிகுதி என்பதால் பாஸ் நிறுவனம் 1980களில் இதைக் கைவிட்டது. மார்ஸ்டன் ஆலை மட்டும் நெடுங்காலம் தொடர்ந்தது.

2024 ஜனவரியில் அந்த ஆலையை நடத்திய கார்ல்ஸ்பெர்க் மார்ஸ்டன் நிறுவனம், பர்டனில் எஞ்சிய யூனியன் அமைப்புகளையும் நிறுத்துவதாக அறிவித்தது. டார்பிஷயரில் 2005இல் தொடங்கிய தார்ன்பிரிட்ஜ் என்ற சிற்றாலை ஒரு தொகுதியைக் கேட்டுப் பெற்றது. அவ்வாண்டே பீப்பாய்கள் பேக்வெல்லில் உள்ள அதன் ஆலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீண்டும் பியர் நொதிக்கவைக்கப்பட்டது. தார்ன்பிரிட்ஜின் மிகவும் அறியப்பட்ட பியர் ஓர் இந்தியா பேல் ஏல். அதன் பெயர் ஜெய்ப்பூர்.